தொட்டி மீனும் ஏரி நீரும்

வீட்டில் மீன்தொட்டி வைத்துப் பழகியவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருப்பார்கள். கடையிலிருந்து ஆசையோடு வாங்கிவந்த வண்ணமீன்கள், வேளை தவறாமல் தீனியிட்டுக் கண்ணும் கருத்துமாகப் பேணியும், ஒரு வாரத்திற்குள் ஒவ்வொன்றாக வயிற்றை மேலே காட்டி மிதக்கத் தொடங்கிவிடுகின்றன. இத்தனை சுகுமாரமான ஜீவன்கள் காற்றும் மழையும் கலங்கலும் நிறைந்த ஏரியில் விடப்பட்டால் அரை நாள்கூடத் தாங்கமாட்டா என்றே எவருக்கும் நினைக்கத் தோன்றும். ஆனால் திருவனந்தபுரத்துச் சாக்கைக் கால்வாயிலும், கொல்கத்தாவுக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் சதுப்பு நிலங்களிலும், தமிழ்நாட்டு ஏரிகளிலும், தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு தொட்டி மீன் இன்று குடியேறி, இனம் பெருக்கி, மீனவரின் வலைகளில் விழுந்துகொண்டிருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் நிலைக்காத உயிர் திறந்த நீரில் நிலைப்பது எங்ஙனம்? அயல்நாட்டு வண்ணமீன்களை வளர்ப்பதற்குத் தடை வேண்டுமா, வேண்டுமாயின் எம்மட்டில் வேண்டும் என்று பல நாடுகளிலும் விவாதம் நடக்கிறது. திறந்த நீரில் மீன் நிலைப்பது எங்ஙனம் என்ற கேள்வியின் விடையை முதலில் தெளிவு செய்துகொள்ளாமல் அவ்விவாதத்தில் இறங்குவது வீண் என்பது என் அபிப்பிராயம்.

தொட்டியில் மீன் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் பலவீனமன்று, நஞ்சு. மீன் தன் உடற்கழிவை அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விடுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகும்போதும் அதே அம்மோனியா உண்டாகிறது. ஏரியிலும் ஆற்றிலும், கல்லிலும் மண்ணிலும் படிந்து வாழும் நுண்ணுயிர்களுள் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நைட்ரேட்டைப் பாசியும் செடியும் உறிஞ்சிக்கொள்கின்றன. புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுவதற்குச் சில வாரங்கள் செல்லும். அதற்குள் மீன் தான் கழித்த நஞ்சிலேயே மூழ்கிச் சாகிறது. தொட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி நீர் முழுவதையும் மாற்றுகிறவர், காப்பாற்றவந்த நுண்ணுயிர்களையே கழுவிக் கொட்டிவிடுகிறார். ஆகவே, ஒரு மீன் தொட்டியில் இறந்தது என்பதைக்கொண்டு அது ஏரியிலும் இறக்கும் என்று முடிவு கட்டுவதற்கில்லை; அம்மோனியா தேங்காத பரந்த நீரில் அதற்குத் தொட்டியில் கிடைக்காத சௌகரியம் கிடைக்கிறது.

எனினும் சௌகரியம் கிடைத்த மீனெல்லாம் குடியேறிவிடுவதில்லை. அயல் நீரில் விடப்பட்ட ஓர் இனம் ஊடுருவும் அயல் இனமாக ஆவதற்குப் பல படிகளைக் கடந்தாகவேண்டும்: முதலில் பிழைத்திருக்கவேண்டும், பிறகு துணையைக் கண்டு குஞ்சு பொரிக்கவேண்டும், அக்குஞ்சுகள் தாமும் பெருகிப் பரவவேண்டும், பரவியபின் அங்குள்ள உயிர்களுக்கும் மனிதருக்கும் கேடு செய்யும் அளவுக்குத் தழைக்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் பெரும்பாலானவை வீழ்ந்துவிடுகின்றன. வண்ணமீன் வளர்ப்போர் தம் தரப்பில் சொல்லும் வாதங்களுள் இது உண்மையானது. உலகெங்கும் வியாபாரத்தில் உள்ள ஆயிரக்கணக்கான இனங்களுள் தீங்கு செய்தவை சிலவே. ஆனால் அந்தச் சில எவை என்பதைத் தீர்மானிப்பது எது? இங்கேதான் உயிரியலார் ஒரு முக்கியமான கருத்தை முன்வைக்கிறார்கள். அதனைத் தமிழில் வித்தழுத்தம் என்று வழங்கலாம்: எத்தனை உயிர்கள், எத்தனை தடவை, எத்தனை இடங்களில் விடப்படுகின்றன என்பதன் கூட்டு வலிமையே அது. வரப்போரத்தில் ஒருமுறை சிந்திய ஒரு கைப்பிடி விதை வெயிலில் கருகலாம், குருவி தின்னலாம். ஆண்டுதோறும், மழைக்கு முன்னும் பின்னும், பத்து ஊர் வரப்புகளிலும் ஓயாமல் விதை சிந்திக்கொண்டேயிருந்தால், எங்கோ ஓரிடத்தில் ஈரமும் இடமும் வாய்த்து முளைத்தே தீரும்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் வண்ணமீன் கடைகளில் எந்த இனம் எத்தனை கடைகளில் விற்கப்படுகிறது என்று கணக்கெடுத்து, இயற்கை நீர்நிலைகளில் பிடிபட்ட அயல் மீன்களின் பதிவுகளோடு அதை ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2006-இல் வெளியாயிற்று. கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் இனங்களே நீர்நிலைகளில் விடப்படுவனவாகவும், நிலைபெறுவனவாகவும் இருப்பதற்கு அதிக வாய்ப்புண்டு என்பது அதன் முடிவு. மலிவாய், எளிதாய், எங்கும் கிடைக்கும் மீனே அபாயத்துக்கு முதற்காரணம். அபூர்வமான மீனுக்குப் பெரும் பணம் கொடுத்தவர் அதை ஏரியில் கொண்டுபோய் விடமாட்டார். பத்து இருபது ரூபாய்க்கு வாங்கிய மீன் தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்துவிட்டால், கொல்ல மனம் வராமல், இரக்கத்தின் பேரிலேயே அதைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

சில இனங்களுக்கு அந்த அழுத்தம்கூடத் தேவையில்லை. கப்பி மீனின் பெண், ஆணிடம் பெற்ற வித்தைத் தன் உடலில் மாதக்கணக்கில் சேமித்து வைத்து, மேலும் ஆணைக் காணாமலே பலமுறை குட்டி போடவல்லது. அதன் தாயகமான டிரினிடாட் தீவில், திறந்தவெளித் தொட்டிகளில் தொட்டிக்கு ஒரே ஒரு பெண் மீனை விட்டு ஆராய்ச்சியாளர்கள் கவனித்துவந்தனர். பெரும்பாலான தொட்டிகளில் அந்த ஒற்றைத் தாயின் சந்ததி பெருகி, இரண்டாண்டுக்குப் பின்னும் குன்றாமல் வாழ்ந்தது. பிள்ளைகள் கண்ணாடிக் குப்பியில் எடுத்துச்சென்று வாய்க்காலில் ஊற்றும் ஒரு சிறு மீனின் திறம் இத்தகையது.

அடுத்து நோக்கவேண்டியது தட்பவெப்பம். இந்த விவாதத்தை நம் நாட்டில் நடத்துவோர் பலரும் ஐரோப்பிய, அமெரிக்கச் சட்டங்களை முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். அந்நாடுகளுக்கும் நமக்கும் உள்ள ஒரு பெரும் வேறுபாட்டைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். தொட்டி மீன்களில் மிகப்பெரும்பாலானவை வெப்ப மண்டலத்தன. இங்கிலாந்திலோ கனடாவிலோ ஒருவர் அவற்றை ஆற்றில் விட்டாலும், குளிர்காலம் வந்து அவற்றை முடித்துவிடும். அங்கே தொல்லை தருபவை, குளிரைத் தாங்கும் சிலவே: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் நகரத்தார் 2021-இல் தம் ஏரியில் பெருத்துக் கிடந்த தங்கமீன்களைப் பிடித்தெடுத்து, வளர்ப்பு மீன்களை ஏரியில் விடவேண்டாமென்று பொதுமக்களை வேண்டிக்கொண்டது இதற்கு ஓர் உதாரணம். நமக்கோ இயற்கை அளித்த அந்தக் குளிர்க்காவல் இல்லை. அமேசானின் மீனுக்கு நம் ஏரியின் நீர் மார்கழியிலும் இதமாகவே இருக்கிறது. ஆகவே குளிர்நாட்டில் தீங்கற்றதென்று சட்டம் கண்டுகொள்ளாமல் விடும் இனம், இங்கே தீங்கற்றதாகிவிடாது; அவர்களுடைய பட்டியலை அப்படியே எடுத்தெழுதுவது நமக்குப் பயன்படாது.

இனி, முதலிற் குறிப்பிட்ட தென்னமெரிக்க மீனைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பதால் வாங்குவோரும் விற்போரும் அதை 'டேங்க் கிளீனர்' என்றே அழைக்கிறார்கள். மீனவர் சிலர் சக்கர் மீன் என்பர். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் அது ஒன்றரை அடி வரையில் வளரக்கூடியது. கெளுத்திக் குலத்தைச் சேர்ந்ததாயினும், நம் கெளுத்தியின் வழுவழுப்பான தோல் இதற்கில்லை: தலை முதல் வால் வரை வரிசை வரிசையாக எலும்புத் தகடுகள் அடுக்கியிருக்கும், கையால் வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் அரம் போல உராயும். வாய் கீழ்நோக்கிய வட்டத் தட்டாக அமைந்து கல்லிலோ கண்ணாடியிலோ கவ்விக்கொள்ளும். முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் முன்புறம் பருத்த முள் ஒன்று உண்டு. மீன் மிரண்டால் அம்முட்கள் விறைத்து நின்றுவிடும். செவுள்வலையில் இது சிக்கும்போது, வலையின் நூல் முள்ளிலும் தகட்டிலும் பின்னிப்பின்னி இறுகிவிடுவதால், மீனவர் அதை விடுவிக்க முயன்று விரலில் காயம் பட்டு, முடிவில் வலைக்கண்ணை அறுத்தே எடுக்கவேண்டியிருக்கிறது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த மீனை நம் சந்தையில் வாங்குவார் இல்லை. கரையில் எறிந்தாலும் உடனே சாவதில்லை. இரைப்பையின் சுவரைக்கொண்டே காற்றைச் சுவாசிக்கும் ஆற்றல் அதற்கு உண்டாகையால், பிராணவாயு குன்றிய சாக்கடை நீரிலும், ஈரம் காயாத கரையிலும் பல மணி நேரம் உயிர் தரித்திருக்கும்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீன் கரையின் களிமண்ணில் கிடையாகப் பொந்து தோண்டுகிறது. அப்பொந்து ஒரு மீட்டர் வரையில் உள்ளே செல்வதுண்டு. அதனுள் பெண் இட்ட முட்டைகளை ஆண் காவல் காத்துப் பொரிக்கச் செய்கிறது. ஒரே கரையில் இத்தகைய பொந்துகள் நெருங்கியிருந்தால் நீர்மட்டம் இறங்கும் காலத்தில் கரை சரிகிறது. மண்கரையாலேயே நீரைத் தேக்கி நிற்கும் ஏரிகளும் கண்மாய்களும் நிறைந்த நாட்டில் இதை அற்பமென்று தள்ளுவதற்கில்லை.

இம்மீனால் விளையும் தீங்குகளுள் எனக்கு மிகவும் வியப்பளிப்பது, கண்ணுக்குப் புலப்படாத ஒன்று. மெக்சிகோவின் தென்பகுதியில் சாக்கமாக்ஸ் என்னும் சிற்றாற்றில் இம்மீன் பெருகியதை ஆராய்ந்த கிறிஸ்டா கேப்ஸ், அலெக்சாண்டர் ஃபிளெக்கர் ஆகிய இரு விஞ்ஞானிகள், 2013-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். உயிர்கள் வளர்வதற்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் இன்றியமையாதவை. பல சிற்றாறுகளில் பாஸ்பரஸ் அரிதாகவே கிடைக்கும். எலும்பு என்பது பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த பொருள். உடல் முழுவதும் எலும்புத் தகடு போர்த்திய மீன், தின்ற பாசியிலுள்ள பாஸ்பரஸைத் தகடு செய்வதற்காக உடலிலேயே நிறுத்திக்கொண்டு, நைட்ரஜனை மாத்திரம் தாராளமாக வெளிவிடுகிறது. இதை அறியும் வழி எளிது: மீனைப் பிடித்து, அளந்த நீரில் சிறிது நேரம் விட்டுவைத்து, பின்னர் அந்நீரில் எவ்வளவு நைட்ரஜன், எவ்வளவு பாஸ்பரஸ் கூடியிருக்கிறது என்று சோதிப்பார்கள், ஆற்றில் எத்தனை மீன்கள் உள்ளன என்று எண்ணி, ஒரு மீனின் கணக்கை ஆற்றின் கணக்காகப் பெருக்குவார்கள். அவ்வாறு பார்த்தபோது, ஆற்றின் பாஸ்பரஸில் பெரும்பகுதி இந்த அயல் மீன்களின் உடலிலேயே சிறைப்பட்டிருப்பது தெரியவந்தது. பாசியையும், பாசியை நம்பிய பூச்சிகளையும், பூச்சிகளை நம்பிய சிறுமீன்களையும் அது மெல்லப் பாதிக்கக்கூடும். இம்மீன் எதையும் கடித்துக் கொன்று தின்பதில்லை, சாதுவான சுபாவமுடையது. அப்படியிருந்தும் ஓர் ஆற்றின் ஊட்டச்சத்துக் கணக்கையே மாற்றி எழுதவல்லதாயிருக்கிறது.

கொன்று தின்னும் வகைக்குச் சிங்கமீன் உதாரணம். நம் மன்னார் வளைகுடா உள்ளிட்ட இந்து மகாசமுத்திரத்துக்கும் பசிபிக்குக்கும் உரிய இம்மீன், அட்லாண்டிக்கில் முன்பு இருந்ததேயில்லை. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது கடலோரத்து மீன்தொட்டி ஒன்று உடைந்து ஆறு மீன்கள் தப்பியதே அதன் தொடக்கம் என்று நெடுநாள் சொல்லப்பட்டு வந்தது. கேட்பதற்கு நன்றாயிருந்த அக்கதை நிலைக்கவில்லை; ஏனெனில் 1985-இலேயே ஃபுளோரிடாவின் டேனியா கடற்கரைக்கு அருகில் ஒரு சிங்கமீன் பிடிபட்டிருந்தது. தாயிடமிருந்து மாத்திரமே சந்ததிக்குச் செல்லும் மரபுப் பொருளை அட்லாண்டிக் மீன்களில் ஆராய்ந்தபோது, தாயகத்து மீன்களில் காணும் பல வகைகளுள் மிகச் சிலவே அங்கே காணப்பட்டன. அதாவது, பிற்காலத்தில் கரீபியன் கடலெங்கும் பரவிய அம்மாபெருங்கூட்டம் முழுவதும் ஒரு சில தாய்களிலிருந்து தோன்றியது. மீன்தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அத்தாய்கள் என்பது விஞ்ஞானிகள் பெரும்பாலோர் கருத்து. பஹாமாஸ் தீவுகளில் அல்பின்ஸ், ஹிக்சன் என்னும் இருவர், சிறு பவளப்பாறைகள் சிலவற்றில் சிங்கமீனை விட்டும், அவற்றையொத்த வேறு சிலவற்றில் விடாமலும் ஐந்து வாரம் ஒப்பிட்டுப் பார்த்தனர். சிங்கமீன் இருந்த பாறைகளில் புதிதாக வந்து சேரும் உள்ளூர்க் குஞ்சுமீன்களின் தொகை சராசரியாக 79 சதவீதம் குறைந்துபோயிற்று. விட்ட பாறையும் விடாத பாறையும் அருகருகே இருந்து ஒப்பிட இடம் தந்ததனாலேயே, குறைவுக்குக் காரணம் இம்மீன்தான் என்று துணிந்து கூற முடிந்தது.

ஆழ்கடல் வரையில் பரவிய சிங்கமீனை இனி அட்லாண்டிக்கிலிருந்து ஒழிப்பது என்பது நடவாத காரியம். இதிலிருந்து தெளிவாவது, தடுப்புக்குரிய காலம் தொடக்கக் காலமே என்பதாகும். தொடக்கத்தில் மீன்கள் மிகச் சில. அவற்றைக் காண்பதே அரிது. இதற்கும் ஓர் உபாயம் வந்திருக்கிறது. நீரில் வாழும் ஒவ்வொரு பிராணியும் சளியாகவும் செதிலாகவும் கழிவாகவும் தன் டி.என்.ஏ.யை நீரில் உதிர்த்துக்கொண்டேயிருக்கிறது. இதைச் சூழல் டி.என்.ஏ. என்கிறோம். சிறிதளவு நீரை எடுத்து ஆராய்ந்தே, பிரான்ஸ் நாட்டுக் குளங்களில் அமெரிக்கத் தவளை ஒன்று இருப்பதை 2008-இல் கண்டுகாட்டினர். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் ஆண்டுக்கு ஒருமுறை இச்சோதனையை நடத்துவது நம் கல்லூரிகளுக்கு எட்டாத காரியமன்று.

இப்போது தடை பற்றிய விவாதத்துக்கு வருவோம். சென்னை கொளத்தூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வண்ணமீன் வளர்ப்பு அநேகம் குடும்பங்களின் ஜீவனோபாயம். சிறு சிமெண்டுத் தொட்டிகளில் கப்பியும் மோலியும் வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் அங்கே உண்டு. அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு ஜிலேபிக் கெண்டையைக் கொண்டுவந்தது சர்க்கார், கொசுவை ஒழிப்பதென்று கம்பூசியா மீனைக் குளங்களில் விட்டதும் சர்க்கார், அவை எங்கும் பரவிவிட்ட பிறகு சிறு வியாபாரியை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது முறையா? குற்றம் ஒருவர்மேல் மாத்திரம் இல்லை என்பது உண்மை. ஆயினும் முன்பு செய்த தவறு, மேலும் ஒன்றைச் செய்வதற்கு அனுமதிச் சீட்டாகாது.

தடை எப்படி அமையக்கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 மே மாதத்தில், பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மீன்தொட்டிகளுக்கும் மீன்கடைகளுக்கும் விதிகளை வெளியிட்டு, 158 வகை மீன்களை விற்பனைக்கும் காட்சிக்கும் வைக்கலாகாதென்றது. கோமாளி மீன் போன்ற பவளப்பாறை மீன்கள் அப்பட்டியலில் இடம்பெற்றன. பிராணிகளின் நலனை நாடிய அவ்விதிகளின் நோக்கம் நல்லதேயெனினும், ஏரிகளின் பாதுகாப்பு அவற்றின் கருத்தில் இல்லை. வியாபாரிகளின் எதிர்ப்பு வலுத்துச் சில மாதங்களிலேயே அவை திரும்பப் பெறப்பட்டன. எந்த மீனால் எந்த நீர்நிலைக்கு என்ன கேடு என்ற ஆராய்ச்சி முன்னே செல்லாமல் சட்டம் முன்னே சென்றால் இப்படித்தான் முடியும்.

தடுப்புப் பட்டியல் என்னும் முறைக்கே ஒரு குறை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் சிவப்புக்காது ஆமையின் இறக்குமதியை நிறுத்தியது. வியாபாரிகள் அதன் நெருங்கிய உறவான வேறு ஆமைகளைக் கொண்டுவந்து விற்கலாயினர். ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று வரும். இதற்கு மாறாக ஆஸ்திரேலியா அனுமதிப் பட்டியல் வைத்திருக்கிறது: ஆராய்ந்து அனுமதிக்கப்பட்ட இனங்களைத் தவிர வேறெதுவும் நாட்டுக்குள் வரமுடியாது. முழுக் குடும்பத்தையும் தடுக்கும் வழியும் உண்டு. மேரிலாந்து மாநிலத்துக் குளம் ஒன்றில் ஆசிய விரால் இனம் பிடிபட்டதையடுத்து, அமெரிக்கா 2002-இல் விரால் குடும்பம் முழுவதையும் உயிரோடு இறக்குமதி செய்வதைத் தடுத்தது. நம் வீட்டுக் குழம்பில் மணக்கும் விராலும் அத்தடையில் அடக்கம். நமக்கு உணவாயிருப்பது பிறருக்கு ஊடுருவும் இனமாகலாம். குற்றம் மீனின் பிறப்பில் இல்லை, இடம் மாறியதில் இருக்கிறது. நம் அண்டை நாடான பங்களாதேஷ் 2023 ஜனவரியில் சக்கர் மீனின் இறக்குமதி, வளர்ப்பு, விற்பனை ஆகியவற்றைத் தடை செய்தது.

இவற்றுள் எனக்கு மிகவும் விவேகமாகத் தோன்றுவது, ஜப்பான் 2023 ஜூன் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. சிவப்புக்காது ஆமையும் அமெரிக்கச் சேற்று நண்டும் அங்கே எண்ணற்ற வீடுகளில் வளர்ப்புப் பிராணிகளாயிருந்தன. வளர்ப்பதையே குற்றமாக்கினால், பயந்தவர்கள் ஒரே இரவில் அவற்றை ஆற்றில் கொட்டிவிடுவார்களென்பதை உணர்ந்து, ஏற்கெனவே வைத்திருப்போர் அனுமதி பெறாமலே தொடர்ந்து வளர்க்கலாம், ஆனால் விற்பதும் வெளியில் விடுவதும் குற்றம் என்று வகுத்தனர். நம் நாட்டில் டேங்க் கிளீனர் விற்பனையை நிறுத்துவதும் இம்முறையில்தான் நடக்கவேண்டும். ஃபுளோரிடா மாநிலத்தில் 2006 முதல், வேண்டாத அயல் பிராணிகளை எந்தக் கேள்வியுமின்றி வாங்கிக்கொண்டு தகுந்தவரிடம் சேர்ப்பிக்கும் முகாம்கள் நடக்கின்றன. கொளத்தூர்ச் சந்தையில் வேண்டாத மீன்களை அப்படி வாங்கிக்கொள்ள ஒரு தொட்டி வைப்பதற்கு அதிகச் செலவாகாது.

விடுவது மனிதர் மாத்திரமன்று என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். 2018-இல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து வடிந்த பின், அமேசானின் அரபைமாவும் வட அமெரிக்காவின் முதலைமுக மீனும் அங்குள்ள ஆறுகளில் பிடிபட்டன. ஆற்றங்கரையோரத் திறந்த குட்டைகளில் ரகசியமாக வளர்க்கப்பட்டவை அவை என்பது ஆராய்ந்தோர் கருத்து. ஆகவே வெள்ளம் ஏறும் நிலத்தில், வலைவேலியும் உயர்கரையும் இல்லாத குட்டையில், அயல் மீன் வளர்ப்பதை முற்றும் தடுப்பது முதல் வேலை. வீட்டில் ஒரு தொட்டி வைத்திருப்பவர் செய்யவேண்டியது அதைவிட எளிது: வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வளர்க்கும் வேறொருவரிடமோ கொடுத்துவிடலாம், கொடுக்க ஆளில்லையென்றால் கிராம்பெண்ணெயைப் போதிய அளவு நீரில் கரைத்து அதை மயக்கி, வேதனையில்லாமல் முடித்துப் புதைத்துவிடலாம். தொட்டியின் பழைய நீரையும் ஏரியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், பூச்செடிகளுக்கு ஊற்றவேண்டும். நத்தை முட்டையும் நீர்ச்செடித் துண்டும் அந்நீரில் கலந்திருப்பதுண்டு, செடிக்கோ அதிலுள்ள நைட்ரேட் நல்ல உரம்.